பத்தில் ஐந்து

மெட்ரோ வேலைக்கு நிறுத்திய தகரத்துக்குப் பின்னால்
அண்ணா சாலையில் எங்கள் கடை இன்னும் திறந்திருப்பது
பழைய வாடிக்கைக்காரர்களுக்கே தெரியாது.
நான் இருப்புக் கணக்கு எழுதுகிறவள்.
மேகசின் கடையில் வேலை என்றதும்
மாமியார் வாரம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.
ரவை என்று எழுதினால்
மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது.
ஆகவே எண்ணோடு நிறுத்திக்கொள்வேன்:
213.

பத்து தோட்டா பிடிக்கிற உடம்பு,
ஐந்தோடு நிறைந்துவிடும் வயிறு.
ஒவ்வொன்றின் அடியிலும்
கட்டைவிரல் பருமனில் ஓர் அலுமினியத் துண்டு,
அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ரிவிட்.
அதுதான் சட்டம்.
வியாசர்பாடி இருதயராஜ் லேத்தில் கடைந்தது,
ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.

பங்குனியில் உத்தரவு காலாவதியானது.
அரசிதழில் அரைப் பக்கம்.
யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.
நான்காம் நாள் லாரியில் வந்தன
முழுப் பத்துகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
கண்ணாடி அலமாரியின் முன்வரிசை அவற்றுக்குப் போனது.
இவை பின்னறைக்கு,
ஏசி ஒழுகும் மூலைக்கு.

விலையைப் பாதியாக்கினோம்.
பிறகு பாதியில் பாதி.
எண்ணெய்ப் புட்டியும் துடைக்கிற துணியும் இலவசம்.
"சட்டமே விட்டுடுச்சு,
நீங்க ஏம்மா பிடிச்சிட்டிருக்கீங்க?"
போட்டிக்குச் சுடுகிற ஒரு பல் டாக்டர்
புதியதில் இரண்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

தூக்கி எறியவும் வழியில்லை.
ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது,
எண்ணுக்குப் பேரேடு,
பேரேட்டுக்கு ஆணையர் அலுவலகத்தில்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒருவர்.

முதலாளி மறுபடி இருதயராஜைக் கூப்பிட்டார்.
வைத்த கையே எடுக்கட்டும்,
இந்த முறை இருபத்திரண்டு ரூபாய்.
"மூடறது சுலபம்மா.
தொறக்கறதுலதான் பிட்டு உடையும்."
மூன்று பிட் உடைந்தது.
நாற்பதாவதோடு நிறுத்திவிட்டார்.
உள்சுவர் கீறிப்போச்சு என்றார்,
ஸ்பிரிங் ஐந்துக்கே பழகிப்போய்
ஆறாவதைத் தள்ளமாட்டேன் என்கிறதாம்.

எடுத்த துண்டுகளில் ஒன்று
ஆடிக்கொண்டிருந்த என் மேசைக் காலுக்குக் கீழே.
மிச்சம் முப்பத்தொன்பதைப் புதுப்பேட்டையில் நிறுத்தேன்:
அறுநூற்று நான்கு கிராம்,
தொண்ணூறு ரூபாய்.
ரசீது கேட்டேன்.
"என்னான்னு எழுதறது?" என்றான் பையன்.
நானும் கொஞ்சம் யோசித்தேன்.
"பழைய அலுமினியம்."

ஐப்பசி மழையில் ஒருநாள்
குடையை வெளியே உதறிவிட்டு வந்தார் கோதண்டம்,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
பாரிமுனைக் கூட்டுறவு வங்கிக் கதவுக்குப்
பத்தொன்பது வருடக் காவல்.
அவருடையது வாய் நசுங்கிவிட்டது.
ஸ்டூலில் இருந்து விழுந்ததாம், அவரல்ல, அது.
உரிமத்தை வாங்கிச் சரிபார்த்தேன்.
முன்வரிசையிலிருந்து பத்தை எடுத்து வைத்தேன்.
கையில் தூக்கிப் பார்த்தார்.
"அஞ்சு இல்லையாம்மா?"

சாயங்காலம் தோட்டாக்களை மேனேஜர் மேசையில்
எண்ணி ஒப்படைக்க வேண்டுமாம்.
ஐந்து என்றால் ஒரு கை,
விரலை மடக்கினால் முடிந்தது.
"பத்துன்னா அவர் ரெண்டு தரம் எண்ணுவார்.
ஆறேகால் ஆவடி வண்டி போயிடும்."
அதற்குள் பெட்டியிலிருந்து ஒன்றைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.
விலை கேட்டுத் திகைத்தார்,
ஏதோ பழுதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பழுதில்லை, அவசரத்துக்கு ஐந்துதான் வரும் என்றேன்.
"அந்த அஞ்சையே
நான் இன்னும் ஆரம்பிக்கலம்மா."

212.
திறந்த நாற்பதுக்கு நேரே
கொள்ளளவு என்றொரு கட்டம் இருக்கிறது.
ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை.
பென்சிலால் ஏழு என்று எழுதி,
அழித்துவிட்டு,
ஆடாத மேசையில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறேன்.
தகரத்துக்கு அந்தப் பக்கம்
தரையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள்.